பழைய காடி, புஸ்பாகோம், ஒயரிங் பிரச்சினை: சாமான் மாத்தறதுக்கு முன்னாடி இதையெல்லாம் ஒவ்வொண்ணா பாருங்க

என் அக்கா மகன் போன வருஷம் எங்க பக்கத்து புளோக் அங்கிள்கிட்ட இருந்து ஒரு புரோட்டோன் இஸ்வாரா கார் வாங்கினான். 1996 மாடல், பேர்லயே ஈஸ்வரன் இருக்காருன்னு ஆண்ட்டி வெள்ளிக்கிழமை தவறாம டேஷ்போர்டுல விபூதி வச்சு பிள்ளை மாதிரி வளத்த காடி. இன்ஜின் அருமையா இருக்கு, பாடில துரு கூட அதிகம் இல்ல. பேர் மாத்தறதுக்கு பி5 இன்ஸ்பெக்‌ஷன்னு காடியை செக் பண்ணி பாஸ் போடற வங்சா மாஜூ புஸ்பாகோம் சென்டருக்குப் போனான், பெயிலாகி மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு எங்க ஏரியா செந்தூலுக்குத் திரும்பி வந்தான். காரணம் என்னன்னா லெப்ட் சைட் பின்னாடி லைட், பிரேக் மிதிச்சா மங்கலா எரியுது, சிக்னல் போட்டா டெயில் லைட்டும் கூடவே சேந்து கண்ணு சிமிட்டுது. இத்தனைக்கும் அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் ஒரு ஒர்க்‌ஷாப்ல 180 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து அந்த லேம்ப்பையே முழுசா புதுசா மாத்தியிருந்தான். லேம்ப் புதுசு, வியாதி பழசு. கடைசில அது சரியானது பின்னாடி சாமான் வைக்கற பூட்ல ஒரு போல்ட்டைக் கழட்டி சேண்ட் பேப்பர் போட்டதுல, செலவு ஒரு வெள்ளி கூட ஆகல.

அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதறேன். பழைய காடில எலக்ட்ரிகல் பிரச்சினைன்னு வந்தா முக்கால்வாசி சாமான் கெட்டுப் போயிருக்காது, கரண்ட் போற வழியோ திரும்பி வர்ற வழியோதான் அடைச்சிருக்கும். எஸ்பிஎம் பரீட்சை முடிச்சிட்டு ரெண்டு வருஷம் ஜாலான் ஈப்போ பக்கம் காடி ஒயரிங் பாக்கற ஒரு ஒயர்மேன் கடைல நான் வேலை பாத்தேன், அந்த தவுக்கே, அதான் முதலாளி, மீட்டர் வச்சுப் பாக்காம எதையும் கழட்ட விடமாட்டாரு. அப்ப எரிச்சலா இருக்கும், இப்பத்தான் புரியுது அவர் எவ்வளவு பேர் காசை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்காருன்னு.

நம்ம மலேசியாவுல சொந்தக் காடிக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. டேக்ஸி, பஸ், லாரி மாதிரி வண்டிங்களுக்குத்தான் ரெகுலரா உண்டு. நம்மள மாதிரி ஆளுங்க விக்கும்போது வாங்கும்போது பி5, லோன் போட்டா பி7, அவ்வளவுதான். அதனால என்ன ஆகுதுன்னா 20, 25 வருஷமா ஒருத்தரும் பின்னாடி லைட்டை எட்டிப் பாக்காமலே காடி ஓடிட்டு இருக்கும், பேர் மாத்தற அன்னைக்கு எல்லாம் ஒண்ணா வெளிய வரும்.

என்னென்ன வேணும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், சாதாரணமா ஹார்ட்வேர் கடைல கிடைக்கறதே போதும். ஒரு டெஸ்ட் லேம்ப், அதாவது ஸ்க்ரூடிரைவர் மாதிரி முனை, உள்ள சின்ன பல்பு, ஒரு கிளிப் ஒயர். ரெண்டு முனைலயும் முதலை கிளிப் போட்ட நாலு மீட்டர் ஒயர், இதை நீங்களே செஞ்சுக்கலாம், இந்த ஒயர் உங்க உயிர்த் தோழன்னு வச்சுக்கோங்க. 400 நம்பர் சேண்ட் பேப்பர், ஒயர் பிரஷ், காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, வாசலின். ஸ்பேர் பல்பு 21/5 வாட், 21 வாட், 5 வாட் ரெண்டு ரெண்டு. பியூஸ் 10 ஆம்ப் சிகப்பு, 15 நீலம், 20 மஞ்சள். வாங்கறதுக்கு முன்னாடி பழைய பல்பைக் கையில எடுத்துட்டுப் போங்க, ஒரே மாதிரி தெரியும் ஆனா பின் இருக்கற உயரம் வேற வேறயா இருக்கும்.

பேட்டரி கழட்டறதா இருந்தா மொதல்ல நெகட்டிவ், மாட்டும்போது கடைசில நெகட்டிவ். ஏன்னா பாசிட்டிவ் கழட்டும்போது ஸ்பேனர் பாடில பட்டா தீப்பொறி பறக்கும், பேட்டரில இருந்து ஹைட்ரஜன் வேற வரும். மோதிரம், கைச்சங்கிலி எல்லாம் கழட்டி வச்சிடுங்க, இதை மறக்கவே மறக்காதீங்க.

மொதல்ல பேட்டரியும் ஆல்டர்னேட்டரும்

இதைப் பாக்காம வேற எதையும் பாக்கறது வீண். ராத்திரி பூரா நிறுத்தி வச்ச காடி, காலைல ஸ்டார்ட் பண்ணாம மீட்டரை பேட்டரி ரெண்டு முனைல வைங்க. 12.6 வோல்ட் இருந்தா புல், 12.4 இருந்தா முக்கால், 12.2ன்னா பாதிதான் இருக்குது. 12க்குக் கீழ இருந்தா சார்ஜ் போட்டுட்டு மறுபடி பாருங்க. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழ இறங்கினா பேட்டரி வயசாயிடுச்சு, இல்லாட்டி டெர்மினல் லூஸ்.

இன்ஜின் ஓடும்போது 13.8ல இருந்து 14.5 வரைக்கும் காட்டணும். அப்படியே ஹெட்லைட், புளோவர், வைப்பர் எல்லாத்தையும் போட்டுப் பாருங்க, 13க்குக் கீழ விழுந்தா பெல்ட் வழுக்குதா, ஆல்டர்னேட்டர் பிரஷ் தேஞ்சிடுச்சான்னு பாக்கணும். 15க்கு மேல போனா ரெகுலேட்டர் போச்சு. பல்பு மாத்தி மாத்தி எரிஞ்சு போகுதுன்னு சொல்றவங்க மொதல்ல இதைத்தான் பாக்கணும், பல்பு கம்பெனியைத் திட்டக் கூடாது.

டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா சுடுதண்ணில பேக்கிங் சோடா கலந்து ஊத்தி பிரஷ் போடுங்க, காய வச்சு இறுக்கிட்டு அதுக்கு மேல வாசலின். இறுக்கறதுக்கு முன்னாடி இல்ல, இறுக்கின பிறகு.

எர்த், இதுலதான் கதையே இருக்கு

காடில பேட்டரி நெகட்டிவ் நேரா பாடில போய் மாட்டியிருக்கும். ஒவ்வொரு லைட்டுக்கும் பாசிட்டிவ் ஒயர் தனியா வரும், திரும்பி வர்றதுக்கு மட்டும் பக்கத்துல இருக்கற பாடில ஒரு போல்ட் போட்டு ஒரு கறுப்பு ஒயரை மாட்டி விட்டிருப்பாங்க. அந்தப் போல்ட்டுக்கு அடில துரு பிடிச்சா கரண்ட் திரும்பி வர வழி கிடையாது. நம்ம ஊர் மழையும் புழுக்கமும் சேந்தா 20 வருஷத்துல துரு பிடிக்காம இருந்தாதான் அதிசயம். பினாங்குல கடலோரம் இருக்கறவங்களுக்கு இன்னும் சீக்கிரமாவே பிடிக்கும்.

இப்ப அந்த சிக்னல் போட்டா டெயில் லைட் சேந்து சிமிட்டற விஷயத்துக்கு வர்றேன். இது ஏன்னு புரிஞ்சுட்டா பாதி ஒயரிங் புரிஞ்ச மாதிரி. பின்னாடி லேம்ப்ல சிக்னல் பல்பு, டெயில் பிரேக் ரெண்டும் சேந்த 21/5 பல்பு, எல்லாத்துக்கும் எர்த் ஒண்ணேதான், ஒரே தகடு. அந்த எர்த் அறுந்துட்டா சிக்னல் பல்பு வழியா வந்த கரண்ட் தகடு வரைக்கும் வரும், பாடிக்குப் போக முடியாது, அப்ப என்ன பண்ணும், அதே தகடுல உக்காந்திருக்கற டெயில் பல்பு வழியா ரிவர்ஸ்ல மேல ஏறி, டெயில் ஒயர் வழியாவே வலது பக்க டெயில் லைட்டுக்கும் நம்பர் பிளேட் லைட்டுக்கும் போய் அங்க இருக்கற நல்ல எர்த்ல இறங்கும். அதனாலதான் சம்பந்தமே இல்லாத லைட் எல்லாம் சேந்து மினுக்குது. பிரேக் மிதிச்சா டேஷ்போர்டு லைட் எரியுது, சிக்னல் போட்டா ரிவர்ஸ் லைட் லேசா தெரியுது, இப்படி விநோதமா எது நடந்தாலும் பல்பைப் பாக்காதீங்க, எர்த்தைப் பாருங்க.

எப்படிக் கண்டுபிடிக்கறது? ரெண்டு வழி. சுலபமானது அந்த நாலு மீட்டர் ஒயர். ஒரு கிளிப்பை லேம்ப் எர்த் தகடுல மாட்டுங்க, இன்னொண்ணை நல்லா சுரண்டின பாடி இரும்புலயோ நேரா பேட்டரி நெகட்டிவ்லயோ மாட்டுங்க. உடனே எல்லா லைட்டும் ஒழுங்கா எரிஞ்சா கேஸ் முடிஞ்சுது, எர்த் பிரச்சினைதான்.

ரெண்டாவது வழி மீட்டர், இதுதான் நம்பரோட சொல்லும். டெயில் லைட், பிரேக் எல்லாம் எரிய விடுங்க, மீட்டரை 20 வோல்ட் டிசில வச்சு சிகப்பு முனை லேம்ப் எர்த் தகடுல, கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல, ஒயர் எட்டாட்டி அந்த நீள ஒயரை வச்சு நீட்டிக்கோங்க. 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல எவ்வளவு காட்டுதோ அவ்வளவும் வழில வீணாப் போற வோல்ட். அக்கா மகன் காடில 5.3 காட்டுச்சு!

இதுல ஒரு பெரிய தப்பு எல்லாரும் பண்றாங்க, லைட்டை அணைச்சுட்டு ஓம்ஸ்ல வச்சு செக் பண்ணி பீப் சத்தம் வருது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிடுவாங்க. ஒயருக்குள்ள முப்பது இழைல ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், மீட்டருக்கு வேண்டியது துளியூண்டு கரண்ட்தானே. ஆனா 21 வாட் பல்புக்கு கால் ஆம்ப் குறைய ரெண்டு ஆம்ப், அதாவது 1.75 ஆம்ப் போகணும், அந்த ஒத்தை இழைல அது போகாது. அதனால லைட் எரியும்போதுதான் அளக்கணும், எப்பவும்.

அன்னைக்கு ராத்திரி புளோக் கீழ பார்க்கிங்ல அவன் போன் டார்ச் பிடிக்க நான் பூட் கார்ப்பெட்டைத் தூக்கினேன். கார்ப்பெட் அடில கை வச்சா ஈரம், பழைய துணி நாத்தம். லெப்ட் மூலைல பத்து நம்பர் போல்ட், தலை முழுக்க செங்கல் கலர், அதுல ரெண்டு கறுப்பு ஒயர். துருவை இளக்கற WD-40 மாதிரி ஸ்ப்ரே அடிச்சு பத்து நிமிஷம் விட்டுட்டு மெதுவா முன்னும் பின்னும் ஆட்டித்தான் கழட்டினேன், பலவந்தம் பண்ணா போல்ட் உடைஞ்சு உள்ளயே நின்னுடும். ரிங்குக்குக் கீழ பெயின்ட் உப்பிட்டு, பொடிப் பொடியா துரு கொட்டுச்சு, ஒயர் முனைல செம்பு பச்சையாயிருச்சு. பச்சையான நீளத்தை வெட்டிட்டு புது ரிங் போட்டு, பாடில வெள்ளி மாதிரி மின்னற வரைக்கும் சேண்ட் பேப்பர், புது போல்ட், இறுக்கி மேல வாசலின். மறுபடி மீட்டர் வச்சேன், 0.04. அவன் போய் பிரேக் மிதிச்சான், பின்னாடி சுவரே சிகப்பா ஆயிருச்சு.

அதோட விட்டுடக் கூடாது. தண்ணி எங்க இருந்து வந்துச்சு? லேம்ப்புக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற ஸ்பாஞ்ச் ரப்பர் நசுங்கி செத்துப் போயிருந்துச்சு, புது லேம்ப் மாட்டினவங்க பழைய ரப்பரையே போட்டிருந்தாங்க. ஸ்பாஞ்ச் டேப் வாங்கி ஒட்டினோம், மேல் பக்கம் மட்டும் கொஞ்சம் சிலிகான். கீழ் பக்கம் சிலிகான் வைக்காதீங்க, உள்ள வந்த தண்ணி வெளிய போக வழி வேணும்.

இதே மாதிரி இன்ஜின்ல இருந்து பாடிக்கு ஒரு தடிச்ச எர்த் ஒயர், பேட்டரில இருந்து பாடிக்கு ஒண்ணு, ஹெட்லைட் பக்கத்துல ஒண்ணு, டேஷ்போர்டுக்குக் கீழ ஒண்ணு இருக்கும், எல்லாத்தையும் ஒரே நாள்ல கிளீன் பண்ணிடுங்க.

பியூஸ்

பியூஸை ஒவ்வொண்ணா பிடுங்கிப் பாக்க வேணாம். பியூஸ் முதுகுல ரெண்டு சின்ன இரும்புப் புள்ளி தெரியும், சாவி ஆன்ல வச்சு டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பாடில மாட்டி ரெண்டு புள்ளிலயும் தொடுங்க. ரெண்டுலயும் எரிஞ்சா நல்ல பியூஸ், ஒண்ணுல மட்டும் எரிஞ்சா பியூஸ் போச்சு, ரெண்டுலயும் எரியலன்னா அங்க வரைக்கும் கரண்டே வரல, சுவிட்ச் ஆன் பண்ணிட்டு மறுபடி பாருங்க. நல்ல பியூஸா இருந்தாலும் காலு பச்சை பிடிச்சிருக்கும், பிடுங்கி மறுபடி குத்தினாலே சில பிரச்சினை போயிடும்.

10 ஆம்ப் பியூஸ் அடிக்கடி போகுதுன்னு 20 போடறவங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும். பியூஸ் இருக்கறது ஒயரைக் காப்பாத்தறதுக்கு. பெரிய பியூஸ் போட்டா அடுத்து எரியறது பியூஸ் இல்ல, டேஷ்போர்டுக்குள்ள இருக்கற ஒயர். பியூஸுக்குப் பதிலா சிகரெட் பாக்கெட் வெள்ளித் தாள் சுத்தி வச்ச காடிகூட நான் பாத்திருக்கேன், ஒயர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டிக் கெடந்துச்சு.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனா ஷார்ட் எங்கன்னு தேட ஒரு நல்ல வழி இருக்கு. பியூஸை எடுத்துட்டு அந்த ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல ஒரு 21 வாட் பல்பை ஒயர் வச்சு மாட்டுங்க. அந்த லைன்ல இருக்கற லைட் பல்பு எல்லாத்தையும் கழட்டிடுங்க. ஷார்ட் இருந்தா உங்க பல்பு நல்லா பிரகாசமா எரியும், கரண்ட் பல்பு வழியாப் போறதால எதுவும் கருகாது. இப்ப ஒயர்க் கொத்தை ஒவ்வொரு இடமா ஆட்டிட்டே வாங்க, எங்க ஆட்டும்போது பல்பு அணையுதோ அங்கதான் ஒயர் தோல் உரிஞ்சு பாடில உரசுது. மொதல்ல பாக்க வேண்டிய இடம் பூட் மூடி கீல் பக்கம், திறந்து மூடித் திறந்து மூடி அந்த ரப்பர் குழாய்க்குள்ள ஒயர் ஒடிஞ்சிருக்கும், வெளிய ரப்பர் நல்லாத் தெரியும். ரப்பரை இழுத்துப் பாத்தாத்தான் உண்மை தெரியும்.

பிரேக் லைட்

ரெண்டும் எரியலன்னா பியூஸ், இல்லாட்டி பெடலுக்கு மேல இருக்கற சுவிட்ச். சுவிட்சுக்கு ரெண்டு ஒயர், அதை சாக்கெட்டோட கழட்டி ரெண்டையும் சின்ன ஒயர் வச்சு சேத்துப் பாருங்க, எரிஞ்சா சுவிட்ச்தான் போச்சு. ஒண்ணு மட்டும் எரியலன்னா பல்பு, ஹோல்டர், எர்த் இந்த வரிசைல. ஹோல்டர் பிளாஸ்டிக் பழுப்பா உருகியிருந்தா உள்ள இருக்கற ஸ்பிரிங் தளந்து பல்பைத் தொடாது, வெட்டின பழைய காடி சாமான் விக்கற ஹாஃப்-கட் கடைல பழைய ஹோல்டர் ஒயரோட வெட்டித் தருவாங்க.

பிரேக் லைட் அணையவே மாட்டேங்குதுன்னா பயப்படாதீங்க. பெடலை மிதிக்காதப்ப பெடல் வந்து சுவிட்ச் முனையை அமுக்கிட்டு இருக்கும், அமுங்கினா ஆஃப், விட்டா ஆன். பெடல் பட்டைல சுவிட்ச் முனை படற இடத்துல ஒரு பொத்தான் சைஸ் ரப்பர் இருக்கும், வயசாகி அது பொடியாயி கீழ விழுந்துடும், முனை அந்த ஓட்டைக்குள்ள போயிடும், லைட் எரிஞ்சுட்டே இருக்கும். கால் மிதி மேட்ல பிஸ்கட் தூள் மாதிரி ரப்பர் கெடந்தா அதேதான். ரெண்டு பல்பும் சேந்து 3.5 ஆம்ப் இழுக்கும், இஸ்வாராவுல போடற என்எஸ்60 பேட்டரி 45 ஆம்ப் அவர், ராத்திரி நிறுத்தினா விடிய விடிய காலி. புது ரப்பர் வாங்கற வரைக்கும் ஒரு சின்ன போல்ட் நட்டு போட்டு ஓட்டையை அடைச்சிக்கலாம்.

சிக்னல்

ஒரு பக்கம் மட்டும் வேகமா டிக் டிக்னு அடிச்சா அந்தப் பக்கம் ஒரு பல்பு போச்சு, இல்ல அதுக்குப் போற கரண்ட் குறையுது. சிக்னலைச் சிமிட்ட வைக்கற பிளாஷர் ரிலே கரண்டை வச்சுத்தான் நேரம் கணக்குப் பண்ணுது, அதனால பல்புக்குப் பதிலா எல்இடி போட்டாலும் இதே வேகம் வரும். நிமிஷத்துக்கு 60ல இருந்து 120 தடவைக்குள்ள அடிக்கணும், கடிகாரத்தை வச்சு எண்ணிப் பாருங்க. மஞ்சள் கலர் வெளுத்துப் போன பல்பு இருந்தா மாத்திடுங்க, சிக்னல் வெள்ளையாத் தெரியக் கூடாது.

ஹசார்ட் வேலை செய்யுது, சிக்னல் வேலை செய்யல, இல்ல வந்து வந்து போகுதுன்னா உடனே ரிலே வாங்க ஓடாதீங்க. நிறைய ஜப்பான் வழி காடிகள்ல சிக்னலுக்குப் போற கரண்ட் ஹசார்ட் சுவிட்ச் வழியாத்தான் போகும். அந்த சுவிட்சை வருஷக்கணக்கா யாரும் தொட்டிருக்க மாட்டாங்க, உள்ள கறுத்திருக்கும். முப்பது தடவை ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு அமுக்குங்க, கொஞ்சம் காண்டாக்ட் கிளீனர் அடிங்க. எத்தனை காடி இதுலயே சரியாகியிருக்குன்னு எனக்குக் கணக்கே இல்ல.

ஹெட்லைட்

பழைய காடி ஹெட்லைட் மங்கல்னா பல்பு வாட் கூட்டறதுதான் எல்லாரும் பண்றது, அது தப்பு. வோல்ட் குறைஞ்சா வெளிச்சம் அதே அளவுல குறையாது, பல மடங்கு குறையும். உதாரணத்துக்கு இன்ஜின் ஓடும்போது பேட்டரில 14 வோல்ட், பல்பு பின்னுக்கு வந்து சேர்றது 11.8னு வச்சுக்கோங்க, 2.2 வோல்ட்தான் குறைவு, ஆனா வெளிச்சம் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துடும். அந்த 2.2 எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலை. லைட் எரியும்போது பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து பல்பு பாசிட்டிவ் பின் வரைக்கும் ஒரு தடவை அளங்க, பல்பு இன்னொரு பின்ல இருந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் ஒரு தடவை அளங்க. எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சாக்கெட், எர்த், சுவிட்ச்னு ஒவ்வொண்ணா நடுவுல அளந்துட்டே போங்க.

எல்லாம் கிளீன் பண்ணியும் குறையலன்னா ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் உள்ள தேஞ்சிருக்கும். ரெண்டு 55 வாட் பல்புக்கு ஒன்பது பத்து ஆம்ப் போகும், அந்தச் சின்ன சுவிட்ச் பாவம் எவ்வளவு வருஷம் தாங்கும். இதுக்கு ரிலே, அதாவது சின்ன கரண்ட் வச்சு பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச், போடறது நல்ல வேலை. பேட்டரில இருந்து 15 ஆம்ப் பியூஸ் வழியா 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் ரிலேயோட 30 நம்பர் பின்னுக்கு, 87 பின்ல இருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் ஒயர் 86, 85ல இருக்கற காயிலை மட்டும் ஓட்டும். லோ பீமுக்கு ஒண்ணு, ஹை பீமுக்கு ஒண்ணு. பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். ஆனா ஒண்ணு, சில காடில ஹெட்லைட் சுவிட்ச் பாசிட்டிவை வெட்டாது, எர்த்தைத்தான் வெட்டும், அதனால சாக்கெட்டைக் கழட்டி சுவிட்ச் ஆஃப்ல எந்த பின்ல 12 வோல்ட் நிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் ஒயர் இழுங்க. இது புரியலன்னா நல்ல ஒயர்மேன்கிட்ட குடுத்துடுங்க, அதுல கௌரவம் குறைஞ்சு போகாது.

எச்4ங்கற ஹெட்லைட் பல்பைக் கண்ணாடில விரல் படாம மாட்டுங்க, எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடாகி பல்பு சீக்கிரம் போகும். மூணு காதும் சரியா உக்காரணும், ஒரு காது தப்பினா வெளிச்சம் மரத்துல அடிக்கும். ஹலோஜன் லேம்ப்புக்குள்ள எல்இடி, எச்ஐடி பல்பு போட்டிருந்தா இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி கழட்டிட்டு ஒரிஜினலுக்கு வாங்க, அந்தக் கண்ணாடி அந்தப் பல்புக்காகச் செஞ்சதில்ல, எதிர்ல வர்றவங்க கண்ணைத்தான் அது குத்தும்.

அப்புறம் ஏய்ம், அதாவது வெளிச்சம் எங்க போய் விழணுங்கறது. டயர் காத்து சரி பண்ணி, சமமான தரைல சுவத்துல இருந்து அஞ்சு மீட்டர் தள்ளி நிறுத்துங்க. பல்பு நடு எவ்வளவு உயரமோ அதை சுவத்துல டேப் ஒட்டிக் குறிச்சுக்கோங்க. லோ பீம் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு அஞ்சு செண்டிமீட்டர் கீழ விழணும், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறணும், நாம இடது பக்கம் ஓட்டறோம் இல்லையா. வலது பக்கம் ஏறுச்சுன்னா வெளிநாட்டு லேம்ப்பை யாரோ மாட்டி விட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

சில்லறை விஷயங்கள்

ரிவர்ஸ் லைட் சுவிட்ச் கியர்பாக்ஸ்ல இருக்கும், ரெண்டு ஒயரைச் சேத்துப் பாத்தா தெரிஞ்சிடும். ஹார்ன் கத்தலன்னா நேரா பேட்டரில இருந்து ஒயர் குடுத்துப் பாருங்க, கத்தினா ஸ்டீயரிங் பட்டன் பக்கம்தான் பிரச்சினை. வைப்பர், தண்ணி அடிக்கறது, நம்பர் பிளேட் லைட், எல்லாம் அஞ்சு நிமிஷ வேலை.

ஆனா பழைய அலாரத்தை மட்டும் சும்மா விடாதீங்க. அங்கிள் காடில டேஷ்போர்டுக்குக் கீழ குனிஞ்சு பாத்தா மூணு காலத்து அலாரம், ஒரு ஆம்ப்ளிபையர் ஒயர், எப்பவோ கழட்டின சென்ட்ரல் லாக், எல்லாம் கறுப்பு டேப் சுத்தி டேப் பசையா வழிஞ்சு தொங்குது. நல்ல ஒயரை நடுவுல கீறி முறுக்கி விட்ட ஜாயின்ட், அங்கதான் பச்சை பிடிக்கும். எதுவுமே வேலை செய்யாத அலாரமா இருந்தா ஒவ்வொரு ஒயரா ஒரிஜினல் வரைக்கும் போய்க் கழட்டி, கீறின இடத்தை சோல்டர் பண்ணி ஷ்ரிங்க் டியூப் போடுங்க. வெட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, ஏன்னா சில அலாரம் ஸ்டார்டர் ஒயரையே தன் வழியாத் திருப்பியிருக்கும், அதை வெட்டினா காடி ஸ்டார்ட் ஆகாது. எல்லாம் முடிஞ்ச பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழட்டி நடுவுல மீட்டரை 10 ஆம்ப்ல வச்சு, கதவெல்லாம் மூடி, எவ்வளவு கரண்ட் ஒழுகுதுன்னு பாருங்க, 50 மில்லி ஆம்ப்புக்குள்ள இருக்கணும். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க.

போற அன்னைக்கு

புஸ்பாகோமோட ஆன்லைன் புக்கிங் மைபுஸ்பாகோம்ல புக் பண்ணிட்டு, முந்தின நாள் சாயங்காலம் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இருக்கற இடத்தைத் துணி வச்சுத் துடைச்சு வைங்க. காலைல கிளம்பறப்ப ஒருத்தரைப் பின்னாடி நிக்க வச்சு எல்லா லைட்டையும் ஒரு தடவை, அப்புறம் டெயில் லைட், பிரேக், சிக்னல் மூணையும் ஒண்ணா போட்டு ஒரு தடவை. தனித்தனியா எரியும், ஒண்ணா போட்டாத்தான் எர்த் மாட்டிக்கும். ஆள் இல்லாட்டி சுவத்துக்கு முதுகைக் காட்டி நிறுத்தி கண்ணாடில பாருங்க. ஸ்பேர் பல்பு, பியூஸ், ஸ்க்ரூடிரைவர் குளோவ் பாக்ஸ்ல இருக்கட்டும், வரிசைல நிக்கும்போதே பல்பு போனவங்களை நான் பாத்திருக்கேன்.

அக்கா மகன் ரெண்டாவது தடவை போனதுக்கு முந்தின ராத்திரி செந்தூல்ல நல்ல மழை. காலைல ஆறரைக்கு எனக்குப் போன் பண்ணான், லைட் எரியுதான்னு சொல்லல, மாமா பூட் கார்ப்பெட்டைத் தூக்கிக் கை வச்சுப் பாத்தேன், காஞ்சிருக்குன்னான்.